மூன்று முறை தவறினால் வெளியேற்றிவிடுவார்களா? – ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் மாணவிக்கு

வாசகர் கேள்வி:

மதுரைக்கு அருகில் உள்ள தனியார் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் பி.இ. முடித்திருக்கிறேன். சிஜிபிஏ 7.6. இரண்டு பாடங்களில் அரியர் இருந்தது. பிறகு எழுதித் தேறிவிட்டேன். ஜெர்மனியில் முதுநிலைப் படிப்புக்கு இரண்டு இடங்களிலிருந்து அனுமதி வந்திருக்கிறது. ஒன்று தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். நான்கு பருவங்கள், கல்விக் கட்டணம் இல்லை. மற்றொன்று பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் உள்ள, பயன்பாட்டு அறிவியல் கல்வி நிலையமான ஒரு ஹோக்‌ஷூலெ; மூன்று பருவங்கள், பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம். படித்து முடித்து வேலைக்குப் போவதுதான் என் எண்ணம். ஆனால் பல்கலைக்கழகம் என்ற பெயர் இருந்தால்தான் மதிப்பு என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அங்கே படிக்கும் சீனியர் அண்ணா ஒருவர், வகுப்புக்குப் போகாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார். இன்னொரு அக்காவோ, ஒரு பாடத்தில் மூன்று முறை தவறினால் படிப்பையே முடித்து அனுப்பிவிடுவார்கள் என்கிறார். எதை நம்புவது? கல்வி இலவசம் என்றால் அப்பா ஏன் 11,904 யூரோ கட்ட வேண்டும்? என் மதிப்பெண்ணை 2.4 என்று மாற்றி எழுதியிருப்பதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருக்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் சீனியர்கள் இருவருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். வகுப்புக்கு வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும், அதே பாடத்தில் திரும்பத் திரும்பத் தவறினால் படிப்பு அத்துடன் முடிந்துவிடும் என்பதும் ஒரே ஏற்பாட்டிலிருந்து வருபவை. முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறவர்கள்தான் இரண்டாவது பருவத்தின் முடிவில் எங்களைப் போன்ற ஆலோசகர்களிடம் பதற்றத்தோடு எழுதுகிறார்கள். நீங்கள் புறப்படுவதற்கு முன்பே கேட்டிருப்பது நல்லது.

முதலில், அந்த நாட்டில் மாணவர்களை வடிகட்டும் இடம் எது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் வடிகட்டல் வாசலில் நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், கட்-ஆஃப், கவுன்சலிங், நீட் என்று நுழைவதற்குத்தான் இத்தனை பாடும். நுழைந்துவிட்டால், அரியர் வைத்தாவது, கல்லூரியை விட்டு வந்த பிறகும் எழுதியாவது பட்டம் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஜெர்மனியில் பிள்ளைகளைப் பத்து வயதை ஒட்டியே, அதாவது நான்காம் வகுப்பு முடிந்ததும் வெவ்வேறு பள்ளி வகைகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பெர்லினிலும் பிராண்டன்பூர்க்கிலும் மட்டும் இது ஆறாம் வகுப்புக்குப் பிறகு நடக்கிறது. அதில் கிம்னாசியம் என்ற வகைப் பள்ளியில் தொடர்ந்து படித்து அபிடூர் என்ற இறுதித் தேர்வில் தேறியவருக்கு, உயர்கல்விக்குள் நுழைவது ஏறத்தாழ ஓர் உரிமை. தொழிலையும் அதற்கான கல்வியிடத்தையும் தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தை அவர்களுடைய அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு தருகிறது; இடம் போதவில்லை என்று மாணவர்களைத் தடுப்பதற்கும் கடுமையான எல்லைகள் உண்டு என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது. மருத்துவம் போன்ற சில துறைகளில் மதிப்பெண் வரம்பு இருந்தாலும், பொறியியல் போன்ற பல துறைகளில் வாசல் அகலமாகவே திறந்திருக்கிறது. ஆகவே தகுதி பார்க்கும் வேலையை உள்ளே நடக்கும் தேர்வுகள்தான் செய்கின்றன. முதலாண்டுக் கணிதத் தேர்விலும் இயக்கவியல் தேர்விலும் ஜெர்மானிய மாணவர்களே கூட்டமாகத் தவறுவதை அங்கே யாரும் ஊழலாகவோ ஆசிரியரின் கொடுமையாகவோ பார்ப்பதில்லை. நீங்கள் சேரப்போவது முதுநிலைப் படிப்பு என்பதால், இந்த அளவுக்கு வடிகட்டல் இருக்காது. ஆனால் தேர்வு விதிகள் அதே மண்ணில் முளைத்தவை.

அந்த விதிகள் ஒரு ஆவணத்தில் இருக்கின்றன. அதன் பெயர் ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங். அதாவது உங்கள் படிப்புக்கான தேர்வு விதிமுறை. ஒவ்வொரு கல்வி நிலையத்துக்கும், பெரும்பாலும் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக ஒன்று உண்டு. ஒரு பாடத்தை எத்தனை முறை எழுதலாம், தேர்வுக்கு எப்போது பதிவுசெய்ய வேண்டும், பதிவை எந்த நாள் வரை திரும்பப் பெறலாம், ஆய்வேட்டுக்கு எத்தனை மாதம் என்ற எல்லாமே அதில் எழுதப்பட்டிருக்கும். கல்வி நிலையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஆங்கில வழிப் படிப்பாக இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் இருக்கும். ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது ஜெர்மன் மூலம்தான் என்பதை மனதில் வையுங்கள். உங்கள் பையில் மிளகாய்ப்பொடி ஏறுகிறதோ இல்லையோ, இந்த ஆவணத்தின் அச்சுப்படி ஒன்று ஏற வேண்டும். சீனியர்கள் சொல்வது அவர்களுடைய கல்வி நிலையத்துக்கும், அவர்கள் சேர்ந்த ஆண்டின் விதிமுறைக்கும் பொருந்துவது. ஒரே படிப்பிலேயே விதிமுறை திருத்தப்பட்டு, உங்களுக்கு வேறொன்று பொருந்தலாம்.

இனி அந்த மூன்று முறை விவகாரத்துக்கு வருகிறேன். பல கல்வி நிலையங்களில் ஒரு தேர்வில் முதல் முயற்சியும், அதில் தவறினால் இரண்டு மறுமுயற்சிகளும் அனுமதிக்கப்படுகின்றன. மூன்றிலும் தவறினால், அதுவும் அது கட்டாயப் பாடமாக இருந்தால், தேர்வில் இறுதியாகத் தேறவில்லை என்று அறிவித்து, மாணவர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். இந்தப் பெயர்நீக்கத்துக்கு எக்ஸ்மட்ரிகுலாட்சியோன் என்று பெயர். இதைவிடக் கனமான செய்தி ஒன்று உண்டு. அப்படி இறுதியாகத் தவறியவருக்கு ஜெர்மனியின் வேறு கல்வி நிலையங்களிலும் அதே படிப்பில் சேரும் வழி பொதுவாக அடைபட்டுவிடும். சில நேரங்களில் அதற்கு நெருங்கிய படிப்புகளும் கிடைக்காமல் போகலாம். சென்னையில் கிடைக்காவிட்டால் கோவையில் சேர்ந்துகொள்ளலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது. உங்கள் தங்கும் அனுமதியும் அந்தப் படிப்புக்காகவே தரப்பட்டது என்பதால், அதுவும் கேள்விக்குள்ளாகும்.

இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். விதிகளில் வேறுபாடு நிறைய இருக்கிறது. சில இடங்களில் மறுமுயற்சி ஒன்றுதான். சில இடங்களில் கடைசி முயற்சியிலும் தவறியவரை ஆசிரியர் நேரில் அழைத்து வாய்மொழித் தேர்வு வைப்பார், அதில் தேறினால் கடைநிலைத் தேர்ச்சி கிடைக்கும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்று எண்ணுவதைவிட, இந்தப் பருவத்துக்குள் இத்தனை கிரெடிட் சேர்த்திருக்க வேண்டும் என்ற வரம்பே முக்கியம். விருப்பப் பாடத்தில் தவறினால், அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கச் சில விதிமுறைகள் இடம் தருகின்றன, சில தருவதில்லை. முதல் முறை தவறியவர் அடுத்த தேர்வுக்குத் தானாகவே பதிவாகிவிடும் இடங்களும் உண்டு. அங்கே, நான் பதிவே செய்யவில்லையே என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர் தமக்குத் தெரியாமலே ஒரு முயற்சியை இழந்துவிடுவார். ஆகவே உங்கள் இரண்டு விதிமுறைகளையும் திறந்து, மறுதேர்வு பற்றிய பிரிவை முதலில் தேடிப் படியுங்கள்.

நம் மாணவர்கள் அதிகம் இடறுவது பாடத்தில் அல்ல, பதிவில். இங்கே தேர்வுக் கட்டணம் கட்டச் சொல்லித் துறைத்தலைவர் வகுப்புக்கே வந்து சொல்வார். கட்டாவிட்டால் அலுவலக உதவியாளர் தேடி வருவார். ஹால் டிக்கெட் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அங்கே பருவத்தின் நடுவில் சில வாரங்கள் மட்டும் திறந்திருக்கும் இணையப் பக்கத்தில், ஒவ்வொரு பாடத்தின் தேர்வுக்கும் நீங்களே பதிவுசெய்ய வேண்டும். பாடத்துக்கான வகுப்பில் பதிந்திருப்பதும் தேர்வுக்குப் பதிவதும் வேறு வேறு. கடைசி நாள் கடந்துவிட்டால் ஆசிரியரே நினைத்தாலும் பெரும்பாலும் சேர்க்க முடியாது. மறுபுறம், பதிவுசெய்துவிட்டு, திரும்பப் பெறாமல், தேர்வுக்கும் போகாமல் இருந்தால் அது எழுதித் தவறியதற்குச் சமம். மூன்றில் ஒன்று போயிற்று. காய்ச்சலில் படுத்துவிட்டீர்கள் என்றால், மருத்துவரிடம் அன்றே போய்ச் சான்று வாங்கி, விதிமுறை சொல்லும் படிவத்தில், தாமதமில்லாமல் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு வாரம் கழித்து, உடம்பு சரியில்லை என்று மின்னஞ்சல் எழுதினால் எடுபடாது.

இன்னொன்று: தேறிய பாடத்தை மதிப்பெண் உயர்த்துவதற்காக மறுபடி எழுத முடியாது என்பதே பெரும்பாலான இடங்களில் விதி. 4.0 வாங்கித் தேறிவிட்டால், அந்த 4.0 உங்கள் சான்றிதழில் நிலைத்துவிடும். சரியாகப் படிக்காமல், பார்த்துக்கொள்ளலாம் என்று போய் உட்காருவதைவிட, திரும்பப் பெறும் கடைசி நாளுக்கு முன் பதிவை நீக்கிவிட்டு அடுத்த வாய்ப்பில் எழுதுவது புத்திசாலித்தனம். அதை அங்கே யாரும் தோல்வியாகக் கருதுவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் அப்படித் தள்ளிக்கொண்டே போகவும் கூடாது. தங்கும் அனுமதியை நீட்டிக்கப் போகும்போது, வெளிநாட்டவர் அலுவலகம் படிப்பில் எவ்வளவு முன்னேறியிருக்கிறீர்கள் என்று பார்க்கும்.

இப்போது அந்த 2.4. ஜெர்மனியில் 1.0 என்பதே உச்சம், 4.0 கடைநிலைத் தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. எண் குறையக் குறைய மதிப்பு கூடும். உங்கள் 7.6ஐ அவர்கள் மாற்றிய முறையை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழிக்க வேண்டும்: 10இலிருந்து 7.6 போனால் 2.4. அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும்: தேர்ச்சிக்கு 5 என்று கொண்டால், 10இலிருந்து 5 போக 5. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டினால் 2.44; அதையே 2.4 என்று எழுதியிருக்கிறார்கள். இதற்குத் திருத்தப்பட்ட பவேரிய வாய்பாடு என்று பெயர். கழித்ததில் கிடைத்த 2.4உம் விடையில் வந்த 2.4உம் ஒன்றாக இருப்பது தற்செயல், குழம்ப வேண்டாம். குறைந்தபட்சத் தேர்ச்சியாக 4ஐ எடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் எண் 2.2 ஆகியிருக்கும், எனவே கல்லூரிச் சான்றிதழின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் தேர்ச்சி விவரம் வெறும் அலங்காரம் அல்ல. 1.6 முதல் 2.5 வரை நன்று என்ற வகுப்பு. நீங்கள் அதில்தான் இருக்கிறீர்கள். வீட்டில் இதைச் சொல்லி நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். அங்கே போன பிறகு முதல் தேர்வில் 2.7 வந்தாலும் மனமுடைய வேண்டாம். தொண்ணூறு விழுக்காடு வாங்கிப் பழகிய நம் கண்ணுக்குத்தான் அது சிறியது.

வகுப்புக்குப் போகாவிட்டாலும் கேட்கமாட்டார்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். விரிவுரைகளில் பெரும்பாலும் வருகைப்பதிவு கிடையாது. ஆய்வகத்திலும் சில கருத்தரங்குகளிலும் உண்டு. உங்கள் கல்லூரியில் ஒரு நாள் வராவிட்டால் அப்பாவின் கைப்பேசிக்கு எஸ்எம்எஸ் போயிருக்கும். அங்கே நீங்கள் தனிமனிதர்; உங்கள் ஒப்புதல் இல்லாமல் உங்கள் மதிப்பெண்ணை அப்பாவிடம்கூடச் சொல்லமாட்டார்கள். ஆனால் இந்தச் சுதந்திரத்தின் கணக்கு கிரெடிட்டில் ஒளிந்திருக்கிறது. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட். 5 கிரெடிட் கொண்ட ஒரு பாடம், கிரெடிட்டுக்கு 30 மணி என்று வைத்தால், 150 மணி நேர வேலை. வாரம் இரண்டு மணி விரிவுரை, இரண்டு மணி பயிற்சி வகுப்பு என்று 14 வாரம் ஓடினாலும் 56 மணிதான் ஆகும். மீதி 94 மணி நேரமும் நீங்கள் நூலகத்திலோ அறையிலோ உட்கார்ந்து செலவிட வேண்டியவை என்று பாடத்திட்டமே எதிர்பார்க்கிறது. வாரத்தில் மூன்று நாள் விடுமுறை என்று சீனியர்கள் மகிழ்வது இந்த மணி நேரங்களைத்தான்.

இன்டர்னல் மதிப்பெண் என்று இருபதோ நாற்பதோ கையில் வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போகும் வசதியும் பல பாடங்களில் இல்லை. பருவ முடிவில் நடக்கும் 90 அல்லது 120 நிமிடத் தேர்வு ஒன்றே முழு மதிப்பெண்ணையும் தீர்மானிக்கும். சில பாடங்களில் வாராவாரம் கொடுக்கும் பயிற்சித்தாள்களில் குறிப்பிட்ட அளவு தேறினால்தான் தேர்வெழுதவே அனுமதி. ஆனால் அந்தப் பயிற்சிக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாததற்கு எதற்கு உழைப்பு என்று நம் பிள்ளைகள் அதைத் தவிர்ப்பதை அடிக்கடி பார்க்கிறேன். தேர்வில் வரும் கணக்குகளின் முகச்சாயல் பெரும்பாலும் அந்தத் தாள்களில்தான் இருக்கும். பழைய வினாத்தாள்கள் வேண்டுமென்றால், ஃபாக்‌ஷாஃப்ட் எனப்படும் துறை மாணவர் குழுவிடம் கேளுங்கள். பல இடங்களில் அவர்கள் அவற்றைத் திரட்டி வைத்திருப்பார்கள். புதியவர்களுக்கான அறிமுக வாரத்தை நடத்துவதும் அவர்களே. நம்மவர்கள் ஒன்றாக ஒரு மூலையில் உட்கார்ந்து, வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னதை மற்றவர் பரப்பிக்கொண்டிருக்கும்போது, சரியான தகவல் இரண்டு கதவு தள்ளி, இலவசமாக, காபியோடு கிடைத்துக்கொண்டிருக்கும்.

நம் ஊரில் இல்லாத நல்ல வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கே மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் விடைத்தாள் நகலுக்கு ஒரு கட்டணம், மறுமதிப்பீட்டுக்கு இன்னொரு கட்டணம் என்று கட்டிவிட்டுக் காத்திருப்போம். அங்கே மதிப்பெண் வந்த பிறகு, ஐன்ஸிஷ்ட் என்ற பெயரில் ஒரு நாள் அறிவிப்பார்கள். அந்த நாளில் அடையாள அட்டையோடு போனால், திருத்திய உங்கள் விடைத்தாளையே உங்கள் முன் வைப்பார்கள். எந்தப் படிக்கு எத்தனை புள்ளி, எங்கே வெட்டினார்கள் என்பது தாளிலேயே தெரியும். அலகு மாறியதால் அரைப் புள்ளி போயிருக்கலாம். மூன்றாம் பக்கத்தின் பின்புறம் எழுதிய கணக்கு திருத்துபவர் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அருகில் இருக்கும் உதவியாளரிடம் பணிவாகக் காட்டிக் கேட்கலாம். நியாயம் இருந்தால் அங்கேயே குறித்துக்கொள்வார்கள். தேர்ச்சிக்கு ஓரிரு புள்ளி குறைந்து நிற்பவருக்கு இது ஒரு முயற்சியையே மிச்சப்படுத்தும். தேறிவிட்டவர்களும் போக வேண்டும் என்பேன். அந்த ஆசிரியர் எதற்கு மதிப்புத் தருகிறார் என்பதை அறிய இதைவிட நல்ல வழி இல்லை. கெஞ்சுவதும், வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வதும் மட்டும் வேண்டாம். அங்கே அது ஆசிரியரைச் சங்கடப்படுத்துமே தவிர ஒரு புள்ளியையும் தராது.

ரெக்கார்டு நோட்டு எழுதும் பழக்கம் பற்றி ஒரு வார்த்தை. முந்தைய ஆண்டு ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது நம் கல்லூரிகளில் பாவமாகவே கருதப்படுவதில்லை. அங்கே ஆய்வக அறிக்கையோ கருத்தரங்குக் கட்டுரையோ கொடுக்கும்போது, இது முழுக்க என் சொந்த வேலை, எடுத்தாண்டவற்றைக் குறிப்பிட்டிருக்கிறேன் என்று கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு நகல் என்று தெரிந்தால் அது மோசடி. குறைந்தபட்சம் அந்தப் பாடத்தில் 5.0 விழும்.

பணத்துக்கு வருவோம். அப்பா கட்டும் 11,904 யூரோ யாருக்கும் கட்டணமாகப் போவதில்லை. முடக்கப்பட்ட கணக்கு என்று அழைக்கப்படும் அந்தக் கணக்கில் உங்கள் பெயரில்தான் அந்தப் பணம் இருக்கும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பி வரும். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு வழியிருக்கிறது என்று காட்டுவதற்கான ஏற்பாடு அது. 2024 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் தொகையைத்தான் நீங்கள் குறிப்பிடுகிறீர்கள். இது அவ்வப்போது உயர்த்தப்படுவதால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகத்தின் பக்கத்தில் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

ஓரிடத்தில் கட்டணம் உண்டு, மற்றோர் இடத்தில் இல்லை என்பதற்குக் காரணம், அங்கே கல்வி மாநிலங்களின் அதிகாரம். 16 மாநிலங்களும் தத்தம் சட்டப்படி நடத்துகின்றன. 2006ஐ ஒட்டிப் பல மாநிலங்கள் எல்லா மாணவர்களிடமும் பருவத்துக்கு 500 யூரோ வரை வாங்கத் தொடங்கி, எதிர்ப்புக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியாக லோயர் சாக்சனி 2014இல் நிறுத்தியது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மட்டும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 1,500 யூரோ வாங்குவதை 2017-18 குளிர்காலப் பருவத்தில் கொண்டுவந்தது. பவேரியாவில் சட்டம் இடம் தந்த பிறகு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் அத்தகைய மாணவர்களிடம் முதுநிலைப் படிப்புக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. ஆகவே ஜெர்மனியில் கல்வி இலவசம் என்று ஏஜென்சி பலகையில் இருப்பதை ஒரு பொதுவிதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டணம் இல்லாத இடத்திலும் பருவப் பங்களிப்பு என்று ஒரு தொகை உண்டு. மாணவர் நல அமைப்புக்கும், பல இடங்களில் பேருந்து, ரயில் பயணச்சீட்டுக்கும் சேர்த்து அதை வாங்குகிறார்கள். அதை உரிய நாளுக்குள் கட்டினால்தான் அடுத்த பருவத்துக்குப் பதிவு தொடரும். கட்ட மறந்தும் பெயர் நீங்கியவர்கள் உண்டு.

உங்கள் கணக்கை நேர்மையாகப் போட்டால், ஹோக்‌ஷூலெயில் மூன்று பருவத்துக்கு 4,500 யூரோ கட்டணம். பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. ஆனால் கூடுதலாக ஒரு பருவம், அதாவது ஆறு மாத வாழ்க்கைச் செலவு. மாதம் 992 என்றே வைத்தாலும் 5,952 யூரோ. பகுதிநேர வேலையால் இதில் ஒரு பங்கை ஈட்டலாம். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வரை வேலை செய்ய உங்களுக்கு அனுமதி உண்டு. இருந்தாலும் இலவசம் என்பது இங்கே மலிவானதாக இல்லை என்பதை அப்பாவிடம் காட்டுங்கள்.

இனி, எதைத் தேர்வது என்ற கேள்வி. ஹோக்‌ஷூலெ என்பது பல்கலைக்கழகத்துக்குக் கீழான கல்லூரி அன்று. 1960களின் இறுதியில் மாநிலங்கள் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அதுவரை இருந்த பொறியியல் பள்ளிகள் முதலியவற்றிலிருந்து உருவான தனி வகை அது, பயன்பாட்டு அறிவியலுக்கானது. அங்கே பேராசிரியர் ஆவதற்கு முனைவர் பட்டம் மட்டும் போதாது. கல்வித்துறைக்கு வெளியே பல ஆண்டுகள் தொழில் அனுபவமும் வேண்டும். அவர்கள் வாரத்துக்கு 18 மணி அளவுக்குப் பாடம் நடத்த வேண்டியவர்கள். பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு அதில் ஏறக்குறையப் பாதிதான், மீதி நேரம் ஆராய்ச்சிக்கு. இதன் பொருள், ஹோக்‌ஷூலெ வகுப்பில் முப்பது பேர் இருக்கலாம், பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கலாம். பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தை முந்நூறு பேரோடு கேட்டு, ஐயத்தை ஆய்வு மாணவரிடம் கேட்க நேரலாம். இரண்டிலும் கிடைக்கும் முதுநிலைப் பட்டம் சட்டப்படி ஒரே தரம். பிற்பாடு ஆராய்ச்சிக்குப் போக விரும்பினாலும் ஹோக்‌ஷூலெப் பட்டம் தடையாகாது. ஆனால் முனைவர் பட்டம் வழங்கும் உரிமை இன்னமும் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிடமே இருக்கிறது. 2016இல்தான் ஹெஸ்ஸன் மாநிலத்தின் ஃபுல்டா ஹோக்‌ஷூலெ முதன்முதலாக அந்த உரிமையைப் பெற்றது.

நீங்கள் வேலைக்குத்தான் போக வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நான் ஹோக்‌ஷூலெயின் பக்கம் சாய்கிறேன். வாகனத் தொழில் வேரூன்றிய மாநிலத்தில், தொழிற்சாலையிலேயே ஆய்வேடு செய்யும் வாய்ப்பு உறவினர்கள் மதிக்கும் பெயரைவிட உங்களுக்கு அதிகம் உதவும். படித்து முடித்ததும் வேலை தேட 18 மாதங்கள் தங்கலாம் என்ற சலுகை இரண்டு பட்டத்துக்கும் ஒன்றுதான். ஆனால் முடிவெடுப்பதற்கு முன் இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன.

ஒன்று, இரண்டு படிப்புகளின் பாடத்தொகுதிக் கையேட்டையும் படியுங்கள். எந்தப் பாடம் கட்டாயம், எதற்கு எத்தனை கிரெடிட், தேர்வு எழுத்தா வாய்மொழியா, முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பாடம் பாடமாக அதில் இருக்கும். நீங்கள் அரியர் வைத்த இரண்டு பாடங்களின் தொடர்ச்சி எந்தப் படிப்பில் கட்டாயப் பாடமாக இருக்கிறது என்று பாருங்கள். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை: வெப்ப இயக்கவியலில் தட்டுத்தடுமாறித் தேறியவர், அதன் மேற்படிப்புக் கட்டாயமாக உள்ள இடத்தில், மூன்று முயற்சி விதியின் கீழ் போய் உட்காரக் கூடாது. விருப்பப் பாடங்கள் நிறைய உள்ள படிப்பு உங்களுக்குப் பாதுகாப்பானது.

இரண்டு, ஹோக்‌ஷூலெயின் அனுமதிக் கடிதத்தில் நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இளநிலையும் முதுநிலையும் சேர்ந்து 300 கிரெடிட் ஆக வேண்டும் என்பது அங்கே கணக்கு. மூன்று பருவப் படிப்பு 90 கிரெடிட் என்றால், உங்கள் பி.இ.யை 210ஆக மதிப்பிட்டிருக்க வேண்டும். குறைவாக மதிப்பிட்டிருந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் கூடுதல் பாடங்களை முடிக்க வேண்டும் என்று ஔஃப்லாகன் என்ற தலைப்பில் எழுதியிருப்பார்கள். அப்படி 30 கிரெடிட் போட்டிருந்தால் மூன்று பருவம் நான்காகிவிடும். மேலே நான் போட்ட பணக்கணக்கும் மாறிவிடும். கடிதம் தெளிவாக இல்லையென்றால், படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு விண்ணப்ப எண்ணோடு நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். ஏஜென்சி வழியாகக் கேட்காதீர்கள். அவர்களுடைய அக்கறை பெரும்பாலும் விசா முத்திரையோடு முடிந்துவிடும்.

பருவத் தொடக்கமும் ஒன்றல்ல. பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1இல் தொடங்கும். ஹோக்‌ஷூலெகளில் பொதுவாகச் செப்டம்பர் 1இலேயே. விசாவுக்கான நேரத்தை அதற்கேற்பக் கணக்கிடுங்கள். தாமதமாகச் சேர்ந்தால் ஆய்வகக் குழுக்கள் நிரம்பிவிடும், விடுதி அறையும் கிடைக்காது. விடுதிக்கு விண்ணப்பிக்க விசா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அனுமதிக் கடிதம் இருந்தாலே போதும். எந்த இடம் என்று உறுதி செய்ததும், ஏற்றுக்கொள்ளும் கடைசி நாளுக்கு முன் அதைத் தெரிவித்துவிட்டு, வேண்டாத இடத்துக்கும் அன்றே எழுதிவிடுங்கள். அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ள ஒருவருக்குப் போகும்.